அப்பா முறுக்கிய போல்ட்

நட்டு என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒரு வயதில் பட்டறைத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தவள், கையில் கிடைத்த ஒரு நட்டை எடுத்து விழுங்கிவிட்டாள். அது வெளியே வரும்வரை அப்பாவும் சித்தப்பாவும் ஸ்பேனரைத் தொடவே இல்லை. வந்ததும் சித்தப்பா அதைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பத்தாம் நம்பர்ண்ணே, மரை ஒண்ணும் தேயல" என்றாராம். அன்றிலிருந்து அவள் நட்டு. ஆறாம் வகுப்பு முடித்த பிறகும் அந்தப் பெயர் கழலவில்லை.

அப்பா மெக்கானிக். எஞ்சின், கியர், பிரேக் எல்லாம் அவர் வேலை. சித்தப்பா வண்டிகளுக்கு எலெக்ட்ரீஷியன். விளக்கு, ஹாரன், பேட்டரி, வயர் எல்லாம் அவர் வேலை. ஒரே கூரை, நடுவில் சுவர் கிடையாது. ஆனால் சுவரை விடக் கெட்டியான ஒரு வழக்கம் இருந்தது. அண்ணன் முறுக்கிய போல்ட்டைத் தம்பி தொட மாட்டார். தம்பி மாட்டிய வயரை அண்ணன் தொட மாட்டார். தொட்டால், 'உன் வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

அப்பாவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அதை அந்தத் தெருவில் வேறு எந்தப் பட்டறையிலும் பார்க்க முடியாது. வண்டியிலிருந்து கழற்றிய ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, துருவைச் சுரண்டி, கறுப்புப் பெயிண்டை இரண்டு முறை அடித்து, காயவைத்த பிறகுதான் திரும்ப மாட்டுவார்.

"வண்டிக்கு அடியில யாருங்க படுத்துப் பார்க்கப் போறாங்க?" என்று அம்மா கேட்பாள்.

"நான் பார்த்தேனே!" என்பார் அப்பா.

நட்டுவை யாரும் உட்காரவைத்து வேலை சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் போடுவாள். ஒரு பழைய பேட்டரியையும் ஒரு ஹெட்லைட் பல்பையும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். வயரை இங்கே வைத்தால் எரிகிறது, அங்கே வைத்தால் எரியவில்லை. ஏன்? மின்சாரம் பல்புக்குப் போனால் மட்டும் போதாது, பேட்டரிக்குத் திரும்பி வரவும் அதற்கு வழி வேண்டும். இது அவள் விரல்கள் கண்டுபிடித்த விஷயம்.

ஒருமுறை மெல்லிய வயர் ஒன்றைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் நேராக வைத்துவிட்டாள். பொறி பறந்தது. வயர் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டது.

"என்ன நட்டு, சூடு எப்படி?" என்று கேட்டார் சித்தப்பா.

"வயர் ஒல்லி, மின்சாரம் குண்டு. அதான் சுட்டுடுச்சு" என்றாள், விரலை வாயில் வைத்துக்கொண்டே.

சித்தப்பா வெகு நேரம் சிரித்தார். அந்தப் பட்டறையில் கேட்ட கடைசிச் சிரிப்புகளில் அதுவும் ஒன்று.

பேக்கரிக்காரர் தன் ரொட்டி வேனை கிளட்ச் மாற்றக் கொண்டுவந்திருந்தார். எஞ்சினையே கீழே இறக்கிச் செய்ய வேண்டிய வேலை. அப்பா இறக்கினார், மாற்றினார், கழற்றிய துண்டுகளுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தார், திரும்ப ஏற்றினார். சித்தப்பா வயர்களை மாட்டினார். வேன் புதுசு போல வெளியே போனது.

மறுநாள் காலையில் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்குகளும் மங்கிப் போயின.

சித்தப்பா வேனுக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "அண்ணே, இங்க ஒரு போல்ட்டைக் கழட்டிப் பார்க்கணும்."

"யார் முறுக்கின போல்ட்?" என்று கேட்டார் அப்பா.

"நீங்க முறுக்கினதுதான்."

"அப்போ அதுல என்ன பார்க்கிறதுக்கு இருக்கு? உன் வயரைப் பாரு."

"பார்த்துட்டேண்ணே. அதுல ஒண்ணும்..."

"பார்த்த லட்சணம்தான் தெரியுதே!"

பேக்கரிக்காரர் பக்கத்திலேயே நின்றார். "ஏங்க, ரொட்டியெல்லாம் காயுது. இது யார் தப்பு? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "என் வேலையில தப்பு வராது. வயர் வேலை நான் செய்யல."

இதைச் சொல்லும்போது அவர் தம்பியைப் பார்க்கவில்லை. தம்பி எழுந்து நின்றார். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டக்கூட இல்லை. தன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மாலைக்குள் அவரும் சித்தியும் வீட்டையும் காலி செய்தார்கள். பின் தெருவில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது.

பேக்கரிக்காரர் தெருத்தெருவாக ரொட்டி போடுபவர். இப்போது ரொட்டியோடு இன்னொன்றும் போட்டார். "பெரியவர் கை தங்கம். சின்னவர்தான் வயரைக் கெடுத்துட்டார்." ரொட்டியைச் சிலர் வாங்கவில்லை. பேச்சை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். சித்தப்பாவின் அறை வாசலுக்கு ஒரு சைக்கிள் டைனமோகூட வேலைக்கு வரவில்லை.

சித்தப்பா வீட்டைக் காலி செய்த அன்று இரவு சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "ஒரு போல்ட்டைக் கழட்ட மாட்டேன்னு சொல்லி, ஒரு குடும்பத்தையே கழட்டிட்டீங்க."

அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார்.

பேக்கரிக்காரர் வேறொரு எலெக்ட்ரீஷியனிடம் போனார். அவர் பேட்டரியை மாற்றினார். எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரை மாற்றினார். எல்லாம் புதுசு. அப்புறமும் அதே 'டக்'. கடைசியில் வேன் கயிறு கட்டி இழுக்கப்பட்டு, மறுபடி அப்பாவின் பட்டறைக்கே வந்து நின்றது.

அதே வாரம் சித்தி வந்து, உள்ளே நுழையாமல் வாசலில் நின்றே செய்தி சொன்னாள். தூரத்து ஊரில் ஒரு பஸ் டிப்போவில் சித்தப்பாவுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள்.

நட்டு பின் தெருவுக்கு ஓடினாள். சித்தப்பா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"போகாதீங்க சித்தப்பா."

"இங்க இருந்து என்ன பண்றது? என் பேரைச் சொன்னாலே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க."

"அன்னைக்கு ஒரு போல்ட்டுன்னு சொன்னீங்களே, அது எது?"

சித்தப்பா சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார். "உங்க அப்பா வந்து கேட்டா சொல்றேன்."

"அவர் கேட்க மாட்டார்."

"அப்போ நானும் சொல்ல மாட்டேன்."

திரும்பி நடக்கும்போது நட்டுவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தார்கள். ஒருவர் கேட்க மாட்டார், ஒருவர் சொல்ல மாட்டார். நடுவில் சித்தப்பாவின் நல்ல பெயர் ரொட்டித் துண்டு போலக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஊரை விட்டுப் போவதைத் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் கெட்ட பெயரோடு போகக் கூடாது. வேனின் கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது நடக்கும்.

சனிக்கிழமை காலை, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு அப்பா சாவியைத் திருப்பிப் பார்த்தார். டக். மறுபடி திருப்பினார். டக். நட்டு எஞ்சின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வழுக்கியதில், பிடிமானத்துக்கு ஒரு கம்பியைப் பிடித்தாள். பிடித்த கையை உடனே உதறினாள்.

"அப்பா, இந்த கிளட்ச் கேபிள் சுடுது!"

"எஞ்சின் பக்கத்துல இருக்கிறது சுடாம, ஐஸ் மாதிரியா இருக்கும்? தள்ளி நில்லு" என்றார் அப்பா. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, சந்தைப் பக்கத்தில் இன்னொரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவரக் கிளம்பினார்.

நட்டு எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தண்ணீர்க் குடம் போலச் சில்லென்று இருந்தது. இருக்காதா? அந்த எஞ்சின் ஓடிப் பல நாள் ஆயிற்றே!

எஞ்சின் சூடாகவில்லை. ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கேபிள் சுடுகிறது.

கிளட்ச் கேபிள் வயர் இல்லை. காலால் மிதித்தால் கிளட்சை இழுக்கிற வெறும் இரும்புக் கம்பி. அதன் வழியாக மின்சாரம் போகவே கூடாது. நட்டு தன் விரலைப் பார்த்தாள். ஒல்லிக் கம்பி, குண்டு மின்சாரம். அதே சூடு!

அவள் தரையில் உட்கார்ந்து யோசித்தாள். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. மோட்டார் எஞ்சினோடு சேர்த்து முறுக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து மின்சாரம் திரும்ப வேண்டுமே? அதற்குத்தான் எஞ்சினிலிருந்து வண்டியின் உடம்புக்கு 'எர்த்' என்கிற தடித்த வயர் போகிறது; உடம்பு வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிவிடும். அந்த நல்ல வழி அடைபட்டால்? பாவம், மின்சாரம் சந்துக்குள் நுழைந்து போகப் பார்க்கும். இந்த ஒல்லி கேபிள்தான் அந்தச் சந்து. முதல் நாள் வேன் கிளம்பியதும் இந்தச் சந்து வழியாகத்தான் இருக்கும்; அப்புறம் அது தாங்கவில்லை.

எர்த் வயர் எங்கே முடிகிறது? அவள் படுத்துப் பார்த்தாள். கியர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு போல்ட்டுக்கு அடியில். அப்பா முறுக்கிய போல்ட்.

பக்கத்திலேயே ஸ்பேனர் கிடந்தது. கழற்றுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. நட்டு ஸ்பேனரை எடுத்தாள். போல்ட்டில் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். இதை அவள் கழற்றினால் அப்பா போல்ட்டைப் பார்க்க மாட்டார், யார் கழற்றியது என்றுதான் பார்ப்பார். இன்னொரு சண்டைக்கு அந்த வீட்டில் ஆள் மிச்சமில்லை.

கழற்றாமலே காட்ட வேண்டும். எப்படி?

வண்டிக்கு வண்டி பேட்டரி இணைக்கும் தடித்த கம்பி ஆணியில் தொங்கியது. நட்டு வீட்டுக்குள் ஓடினாள். "அம்மா, கொஞ்சம் வந்து சாவியைத் திருப்பணும்."

"எது, வண்டிச் சாவியா? என்னை விடு. வெடிச்சிட்டா?"

"வெடிக்காதும்மா. கியர் இல்லாம நிக்குது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு. நான் சக்கரத்துக்குக் கட்டையும் வெச்சுட்டேன்."

அம்மா மாவுக் கையோடு வந்து ஓட்டுநர் இருக்கையின் நுனியில் உட்கார்ந்தாள், சுடுகல்லில் உட்கார்ந்தவள் போல. நட்டு கம்பியின் ஒரு முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் கவ்வவிட்டாள். மறு முனையைப் பேட்டரியின் எர்த் முனையில் மாட்டினாள். நல்ல வழி அடைபட்டிருந்தால், இது புது வழி. மின்விசிறிப் பக்கம் கையோ சடையோ போகாமல் தள்ளி வந்து நின்றாள்.

"திருப்பும்மா!"

அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு திருப்பினாள். எஞ்சின் ஒரே பிடியில் உறுமிக்கொண்டு எழுந்தது.

"ஐயோ, ஓடுதுடி! நிறுத்துறது எப்படி?"

"அப்படியே பின்னாடி திருப்பும்மா!"

அப்பா தனியாகத் திரும்பி வந்தார். கூப்பிட்ட எலெக்ட்ரீஷியன், 'உங்க வீட்டுச் சண்டையில நான் வரல' என்று சொல்லிவிட்டாராம்.

"அப்பா, நான் எதையும் கழட்டல. இதை மட்டும் பாருங்க" என்றாள் நட்டு.

கம்பி இல்லாமல் திருப்பினாள். டக். கம்பியை மாட்டித் திருப்பினாள். எஞ்சின் ஓடியது.

அப்பா குனிந்து, அந்தக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, வேனுக்கு அடியில் படுத்தார். தான் முறுக்கிய போல்ட்டைத் தானே கழற்றினார். எர்த் வயரின் முனையை விலக்கினார். அதற்கு அடியில், இரும்பு கொஞ்சமும் தெரியாமல், கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது அவர் அடித்த கறுப்புப் பெயிண்ட். அதைத் தாண்டி மின்சாரம் எப்படிப் போகும்?

நட்டுவிடம் உப்புத்தாளை வாங்கி அவர் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெறும் இரும்பு தெரிகிறவரை தேய்த்தார். முறுக்கினார். கம்பி இல்லாமலே வேன் ஓடியது.

வெளியே வந்தவர் நட்டுவின் முகத்தைப் பார்க்கவில்லை. "பேக்கரிக்காரருக்குப் போன் பண்ணு. வண்டி ரெடின்னு சொல்லு."

"என்ன கோளாறுன்னு கேட்டா?"

"சரியாயிடுச்சுன்னு சொல்லு. போதும்."

"சித்தப்பா?"

"பெரியவங்க விஷயத்துல நீ வராதே."

வேன் சரியானதில் நட்டுவுக்கு ஒரு துளியும் மகிழ்ச்சி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பேக்கரிக்காரர் வந்தார். சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். "அடடா! தம்பி கெடுத்ததை அண்ணன் சரி பண்ணிட்டீங்க! நான் அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொன்னேன், பெரியவர் கை தங்கம்னு!"

அப்பா துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்ல நட்டுவின் நாக்கு துடித்தது. அவள் சொன்னால் அப்பா பிடிபட்டவர் ஆவார். அவரே சொன்னால்தான் அது ஒப்புக்கொண்டதாகும்.

"மாமா, கோளாறு எங்க இருந்துச்சுன்னு அப்பா காட்டுவார். குனிஞ்சு பாருங்க" என்றாள்.

அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அவளும் அதே அச்சுதான்.

"காட்ட ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. "நான் பெயிண்ட் அடிக்கக் கூடாத இடத்துல அடிச்சிருக்கேன். தம்பி வயர்ல தப்பு இல்ல. தப்பு என்னுது."

பேக்கரிக்காரர் வேனின் கதவைத் தட்டிக் காட்டினார். "அதை விடுங்க, இப்பதான் வண்டி ஓடுதே..."

"விடறதுக்கு இல்ல. நீங்க எத்தனை வாசல்ல சொன்னீங்களோ, அத்தனை வாசல்லயும் மாத்திச் சொல்லணும்."

"வீடு வீடா போய் அதை எப்படிங்க..."

"அப்போ நான் சொல்றேன். வண்டியை எடுங்க. பின் தெருவுக்கு."

பின் தெருவில் ஒரு சின்ன லாரியில் சாமான்கள் ஏற்றியாகிவிட்டது. சித்தப்பா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வாசல்களில் ஆட்கள் வேடிக்கை பார்த்தபடி நின்றார்கள்.

அப்பா ரொட்டி வேனிலிருந்து இறங்கி நடுத்தெருவில் நின்றார். தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "தம்பி, அந்த வேன்ல உன் வேலை சுத்தம். நான் அடிச்ச பெயிண்ட்தான் எர்த்தை அடைச்சிருக்கு. உன் பேர்ல பழி போட்டது நான்."

சித்தப்பா கயிற்றை விடவில்லை.

"தெரியும்ணே" என்றார். "அன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன். நீங்க பேச விடல."

"இறக்கிடு. வீட்டுக்கு வா."

"இல்லண்ணே. அங்க வர்றேன்னு சொல்லிட்டேன். எனக்காக ஓர் இடத்தை வெச்சுக்கிட்டு இருக்காங்க."

கொடுத்த வாக்கை மீறு என்று தம்பியிடம் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பு இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால், அந்த வாக்கையே தம்பி கொடுத்திருக்க மாட்டார். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

சித்தப்பா நட்டுவைப் பக்கத்தில் கூப்பிட்டார். "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கிளட்ச் கேபிள் சுட்டுச்சு. எஞ்சின் சில்லுனு இருந்துச்சு."

சித்தப்பா அவள் தலையில் கை வைத்தார். எடுக்க மனம் வராதவர் போல வைத்துக்கொண்டே நின்றார்.

அப்போது லாரி டிரைவர் தலையைச் சொறிந்தபடி வந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இடது பக்க இண்டிகேட்டர் ரொம்ப நாளா எரியல. நீங்க எலெக்ட்ரீஷியன்னு தெரியும். ஆனா ஊர்ல ஏதேதோ சொன்னாங்களா, அதான் கேட்கல. இப்போ கொஞ்சம் பார்த்துடறீங்களா?"

சித்தப்பா கட்டிய கயிற்றை அவிழ்த்துக் கருவிப் பெட்டியை வெளியே எடுத்தார். விளக்கைக் கழற்றினார், வயர் முனையைச் சுரண்டினார், மாட்டினார். அது முடியும்வரை அப்பா அங்கேயே நின்றார். மறந்தும் குறுக்கே பேசவில்லை.

லாரி கிளம்பியது. சித்தி மட்டும் கையசைத்தாள். சித்தப்பா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் லாரி இடது பக்கம் திரும்பியது. மஞ்சள் விளக்கு மின்னி மின்னிக் கண்ணிலிருந்து மறைந்தது.

"அப்பா, எரியுது பாருங்க" என்றாள் நட்டு.

அப்பா அந்தத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியாம?" என்றார். "என் தம்பி வேலையாச்சே!"